மின்தூக்கி நிற்காத மாடியிலிருந்து: அரசியல் தத்துவத்தைத் தொடங்குவது எப்படி?

சிங்கப்பூரின் அங் மோ கியோ வட்டாரத்தில் உள்ள எங்கள் அடுக்குமாடிப் புளோக்கில் ஒரு காலத்தில் மின்தூக்கி 1, 5, 9 ஆகிய மாடிகளில் மட்டுமே நின்றது. நாங்கள் இருப்பது ஏழாம் மாடி. ஐந்தில் இறங்கி இரண்டு மாடி ஏற வேண்டும். இல்லையென்றால் ஒன்பது வரை போய் இரண்டு மாடி இறங்க வேண்டும். என் மாமியாருக்கு முழங்கால் வலி வந்த பிறகு, ஏறுவதா இறங்குவதா என்பதை அன்றைய வலியைப் பார்த்து அவரே முடிவு செய்வார். 2000களில் எல்லா மாடிகளிலும் மின்தூக்கி நிற்பதற்கான மேம்பாட்டுத் திட்டம் எங்கள் புளோக்கிற்கு வந்தது. வாக்கெடுப்பில் 75 விழுக்காட்டு வீடுகள் சம்மதித்தால்தான் வேலை தொடங்கும்.

வாக்கெடுப்புக்கு முந்தைய வாரம், கீழ்த்தளத்தில் சதுரங்கக் கட்டம் பதித்த கல்மேசையருகே ஐந்தாம் மாடி அண்ணன் என்னிடம் சொன்னார்: “டீச்சர், என் வீட்டு வாசலிலேயே மின்தூக்கி நிற்கிறது. நான் இரவு வேலை பார்த்துவிட்டுப் பகலில் தூங்குகிறவன். மாதக்கணக்கில் இடிப்பார்கள், துளைப்பார்கள். எனக்குக் கிடைக்கப்போவது அந்த ஓசையும் தூசியும்தான். நான் எதற்காகச் ‘சரி’ என்று வாக்களிக்க வேண்டும்?”

31 ஆண்டுகள் பள்ளியில் தமிழ் கற்பித்தவள் நான். அன்று எனக்குப் பதில் வரவில்லை. மாமியாரின் முழங்காலைச் சொல்லி அவரிடம் இரக்கம் கேட்டிருக்கலாம். ஆனால் அவர் கேட்டது கடமையைப் பற்றி. பக்கத்து வீட்டாருக்கு நான் என்ன கடன்பட்டிருக்கிறேன், அதை யார் என்மேல் சுமத்தலாம் என்று கேட்டார். அந்தக் கேள்வியின் பின்னால் போய்த்தான் அரசியல் தத்துவத்துக்குள் நுழைந்தேன். ஓய்வு பெற்ற பிறகு, அதே கல்மேசையில் சனிக்கிழமை காலைகளில் ஐந்து பேருடன் கூடிப் பேசுகிறேன்: ஒரு தாதி, ஒரு டாக்சி ஓட்டுநர், பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர் ஒருவர், மின்தூக்கிகளைப் பழுதுபார்க்கும் ஒருவர், அந்த ஐந்தாம் மாடி அண்ணன். புதிதாகத் தொடங்க விரும்புகிறவர்களுக்காக, எங்களுக்குக் கைகொடுத்த வழியை எழுதுகிறேன்.

முதலில் ஒரு நோட்டுப்புத்தகம்

பெயர்களிலிருந்து தொடங்காதீர்கள். தாராளவாதம், சமூக ஒப்பந்தம், பயன்வாதம் என்று மனப்பாடம் செய்துகொண்டு வருகிறவர்கள் மூன்றாவது வாரமே களைத்துவிடுகிறார்கள். விடைகளின் பட்டியல் கையில் இருக்கும். எந்தக் கேள்விக்கு அந்த விடை என்பது தெரியாது.

ஒரு நோட்டுப்புத்தகத்தில் பக்கத்தின் நடுவே கோடு போடுங்கள். இடப்பக்கத்துக்கு ‘இருக்கிறது’ என்றும் வலப்பக்கத்துக்கு ‘இருக்க வேண்டும்’ என்றும் தலைப்பு இடுங்கள். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய பொது வீடுகளுக்கான இன ஒருங்கிணைப்புக் கொள்கையை எடுத்துக்கொள்வோம். 1989இல் வந்தது. ஒரு புளோக்கில் சீனர் 87 விழுக்காடு, மலாய்க்காரர் 25, இந்தியரும் மற்ற இனத்தவரும் 15 வரை இருக்கலாம். கடைசி எண் 2010க்கு முன் 13ஆக இருந்தது. சீனர்களுக்கான வரம்பு எட்டிவிட்ட புளோக்கில் ஓர் இந்தியர் தம் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது. வாங்க வருவோர் எண்ணிக்கை சுருங்குகிறது. இவையெல்லாம் இடப்பக்கம். சரிபார்க்க முடிந்தவை.

வலப்பக்கத்தில் எழுத வேண்டியது இது: எல்லா இனத்தவரும் கலந்து வாழ்வது எல்லாருக்கும் நன்மை என்றால், அதன் சுமை வீட்டை விற்கப்போகும் சிலர்மீது விழுவது நியாயமா? இடப்பக்கத்தை எவ்வளவு நிரப்பினாலும் இதற்கு விடை அதிலிருந்து தானாக வராது. எங்கள் மேசையில் நடக்கும் சச்சரவுகளில் பாதி, ஒருவர் இடப்பக்கத்திலும் மற்றவர் வலப்பக்கத்திலும் நின்று பேசுவதால் வருபவை. கோட்டைக் காட்டினால் அடங்கிவிடும். மீதிப் பாதிதான் உண்மையான வேலை.

டாக்சி ஓட்டுநர் முதல் நாள் தயங்கினார். “அரசியல் பேச்சு எதற்கு டீச்சர்?” என்றார். எந்தக் கட்சிக்கு வாக்கு என்பதை எங்கள் மேசையில் பேசுவதில்லை. வாக்கு என்ற ஒன்று ஏன் இருக்க வேண்டும் என்பதைப் பேசுகிறோம். அதைக் கேட்டதும் உட்கார்ந்தார்.

ஏன் கீழ்ப்படிய வேண்டும்?

இந்தக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். மற்றவை எல்லாம் இதிலிருந்து கிளைக்கின்றன. தமிழருக்கு நுழைவாயில் குறளிலேயே இருக்கிறது:

வேலொடு நின்றான் இடுவென் றதுபோலும்
கோலொடு நின்றான் இரவு.

வேலை ஏந்தி வழிமறித்து ‘கொடு’ என்பவனும், செங்கோலை ஏந்திப் பொருள் கேட்பவனும் ஒன்றாகிவிடலாம் என்கிறார் வள்ளுவர். மளிகைக் கடை ரசீதை எடுத்து மேசைமேல் வையுங்கள். 1994இல் 3 விழுக்காடாகத் தொடங்கிய பொருள் சேவை வரி, 2024 முதல் 9 விழுக்காடு. கொடுக்க மறுக்க எனக்கு வழியில்லை. கொள்ளைக்காரனிடமும் வழியில்லை. இரண்டுக்கும் என்ன வேறுபாடு? ஆளுக்கு மூன்று காரணம் எழுதுங்கள். எழுதிய பிறகுதான் நூலைத் திறக்க வேண்டும். சொந்தக் காரணம் கையில் இருந்தால்தான் நூலாசிரியரோடு வாதிட முடியும்.

பெரும்பாலோர் எழுதும் காரணம், ‘நாம் ஒப்புக்கொண்டிருக்கிறோம்’ என்பது. இது மிகப் பழைய காரணம். கி.மு. 399இல் 70 வயது சாக்ரடீஸ் ஏதென்ஸ் சிறையில் மரண தண்டனைக்காகக் காத்திருக்கிறார். விடியுமுன் நண்பர் கிரீட்டோ வருகிறார். தப்பிக்க எல்லா ஏற்பாடும் தயார். சாக்ரடீஸ் மறுக்கிறார். நகரத்தின் சட்டங்களே எதிரில் வந்து நின்று பேசுவதாகக் கற்பனை செய்கிறார்: ‘எழுபது ஆண்டுகள் இங்கே இருந்தாய். பிடிக்கவில்லையென்றால் போயிருக்கலாம், யாரும் தடுக்கவில்லை. இருந்ததே ஒப்புதல்.’ இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பிறகு ஆங்கிலத் தத்துவவாதி ஜான் லாக் இதையே இன்னும் நீட்டினார்: ஒரு நாட்டின் நெடுஞ்சாலையில் நடப்பவர்கூட வாய் திறவாமல் அதன் சட்டத்துக்கு இசைவு தருகிறார் என்றார்.

1748இல் ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூம் இதை உடைத்தார். அவர் சொன்ன உவமை எனக்கு நெஞ்சில் நின்றுவிட்டது. தூங்கும்போது ஒருவனைத் தூக்கிக் கப்பலில் ஏற்றிவிட்டார்கள். விழித்துப் பார்த்தால் நடுக்கடல். இறங்க வேண்டுமென்றால் குதித்துச் சாக வேண்டும். அவன் கப்பலிலேயே இருப்பதால் மாலுமித் தலைவனின் அதிகாரத்தை ஒப்புக்கொண்டான் என்று சொல்ல முடியுமா?

என் அப்பா நாகப்பட்டினத்திலிருந்து ரஜூலா கப்பலில் வந்தவர். விழித்திருந்து, டிக்கெட் வாங்கி, யோசித்து ஏறியவர். அவரைப் பற்றி ‘ஒப்புக்கொண்டார்’ என்று ஓரளவு சொல்லலாம். எங்கள் மேசை மாணவருக்கு அடுத்த ஆண்டு தேசிய சேவை. 1967 முதல் இந்த நாட்டு இளைஞர்கள் கட்டாயமாகச் செய்துவரும் நாட்டுப் பாதுகாப்புச் சேவை. அவர் கேட்டார்: “உங்கள் அப்பா ஏறினார். நான் கப்பலிலேயே பிறந்தவன். நான் எதில் கையெழுத்திட்டேன்?” போக மறுப்பதற்காக அவர் அதைக் கேட்கவில்லை. போகத்தான் போகிறார். எதற்காகப் போகிறோம் என்பதைத் தெரிந்துகொண்டு போக விரும்புகிறார். ஒரு பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு இந்தக் கேள்வி வரும்போது நாம் பதறக் கூடாது. உட்கார வைத்துப் பேச வேண்டும்.

ஒப்புதல் போதவில்லையென்றால் அடுத்த காரணம் நியாயம். 1955இல் சட்டத் தத்துவவாதி எச்.எல்.ஏ. ஹார்ட் முன்வைத்தது: மற்றவர்கள் தங்களைக் கட்டுப்படுத்திக்கொண்டதால் எனக்குப் பயன் கிடைத்தது, என் முறை வரும்போது நானும் கட்டுப்பட வேண்டும். மின்தூக்கித் தொழிலாளி இதை உடனே பற்றிக்கொண்டார். எனக்கு முன்னே இரண்டு ஆண்டுகள் காவல் நின்றவர்கள் இருந்ததால்தான் நான் நிம்மதியாகப் படித்தேன் என்றார். ஐந்தாம் மாடி அண்ணன் விடவில்லை. “நான் கேட்காமலே ஒருவர் என் வாசலில் பூந்தொட்டி வைத்து, தினமும் தண்ணீரும் ஊற்றினார். எனக்கும் பார்க்க அழகாக இருந்தது. அதற்காக வியாழக்கிழமை என் முறை என்று அவர் சொல்லலாமா?” இதே மறுப்பை 1974இல் அமெரிக்கத் தத்துவவாதி ராபர்ட் நோசிக் எழுதியிருக்கிறார், அவர் சொன்னது, தெருவே முறை வைத்து நடத்தும் ஒலிபெருக்கி நிகழ்ச்சி. நோசிக்கைப் படிக்காமலே அண்ணன் அங்கே போய்ச் சேர்ந்திருந்தார். எனக்கு அன்று மெய்சிலிர்த்தது.

தாமஸ் ஹாப்ஸையும் இந்தக் கட்டத்திலேயே படித்துவிடுங்கள். இங்கிலாந்தின் உள்நாட்டுப் போரைக் கண்டவர், 1651இல் எழுதினார். பொது அதிகாரம் இல்லையென்றால் மனித வாழ்வு குறுகியதாகவும் கொடியதாகவும் இருக்கும் என்பது அவர் வாதம். பெரிய மீன் சின்ன மீனை விழுங்கும் நிலை என்று அர்த்தசாஸ்திரமும் இதையே சொல்கிறது. அச்சம் ஒரு காரணம்தான். ஆனால் அச்சத்தை மட்டும் காரணமாகக் கொண்டால், வேலொடு நின்றவனுக்கும் அதே காரணம் பொருந்திவிடுகிறது. எனக்கு ஹாப்ஸ்மேல் உள்ள மனத்தாங்கல் அதுதான்.

ஒன்றை மட்டும் மாற்றிப் பாருங்கள்

சுதந்திரத்தைப் பற்றி யோசிக்க ஒரு பயிற்சி. ஒரு சம்பவத்தை எடுத்து, தீர்ப்புச் சொல்லி, பிறகு அதில் ஒரே ஒரு விவரத்தை மாற்றுங்கள். தீர்ப்பு மாறினால், உங்கள் காரணம் அந்த விவரத்தில்தான் ஒளிந்திருக்கிறது.

எங்கள் சம்பவம் புகை. கீழ்த்தளத்திலும் தாழ்வாரத்திலும் புகைபிடிக்கத் தடை உண்டு. சொந்த வீட்டுச் சன்னலோரம் நின்று பிடிக்கலாம். மேல்மாடித் தாதியின் வீட்டுக்குள் அந்தப் புகை வருகிறது. 1859இல் ஜான் ஸ்டூவர்ட் மில் சொன்ன கோட்பாடு: ஒருவரை அவர் விருப்பத்துக்கு எதிராகக் கட்டுப்படுத்த ஒரே நியாயம், பிறருக்கு வரும் தீங்கைத் தடுப்பது, அவருடைய சொந்த நலன் போதுமான காரணம் அன்று. சரி, புகை தீங்கு, ஆகவே தடுக்கலாம் என்றார் தாதி. புகைக்குப் பதில் நெத்திலிக் கருவாடு வறுக்கும் வாசனை என்று மாற்றினோம். சங்கடம்தான், தீங்கில்லை என்றார். வாசனையால் ஒருவருக்கு ஆஸ்துமா வருகிறது என்று மாற்றினோம். அவர் நீண்ட நேரம் பேசவில்லை. தீங்கு எங்கே முடிகிறது, அருவருப்பு எங்கே தொடங்குகிறது, யார் கோடு போடுவது என்று ஒன்றரை மணி நேரம் போனது. பக்கத்துக் காப்பிக் கடையில் கோப்பி இரண்டு முறை வாங்கி வந்தோம்.

எந்த மாடி என்று தெரியாமல்

இப்போது மின்தூக்கிக்கே வருகிறேன். நான் தேடிய பதிலுக்கு மிக அருகில் வந்தவர் அமெரிக்கத் தத்துவவாதி ஜான் ரால்ஸ். 1971இல் அவர் முன்வைத்த சிந்தனைச் சோதனை இது: சமூகத்தின் விதிகளை எழுத உட்காருகிறோம், ஆனால் அறியாமைத் திரைக்குப் பின்னால். ஏழையா செல்வரா, நோயாளியா நலமுள்ளவரா, எந்த இனம், எந்த மதம் என்று நமக்கே தெரியாது. அந்த நிலையில் எந்த விதியை ஒப்புக்கொள்வோமோ அதுவே நியாயமான விதி.

இதை நீங்கள் கையால் செய்ய வேண்டும். படித்தால் மட்டும் ஏறாது. 12 சீட்டுகளில் 1 முதல் 12 வரை மாடி எண்களை எழுதி மடியுங்கள். இன்னொரு கட்டுச் சீட்டுகளில் ‘25 வயது, நலம்’, ‘70 வயது, சக்கர நாற்காலி’, ‘கைக்குழந்தையோடு தாய்’, ‘இரவு வேலை’ என்று எழுதுங்கள். முதலில் எல்லாரும் வாக்களிக்க வேண்டும். பிறகுதான் சீட்டு எடுக்க வேண்டும். நாங்கள் செய்தபோது ஐந்தாம் மாடி அண்ணனும் சேர்த்து எல்லாரும் ‘சரி’ என்றே வாக்களித்தோம். எனக்கு ஒரு கணம் வெற்றிபோலத் தோன்றியது.

அண்ணன் சீட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: “டீச்சர், மாடி எனக்குச் சீட்டில் விழவில்லை. மின்தூக்கி நிற்கிற மாடி என்று பார்த்து, கூடுதல் விலை கொடுத்து வாங்கினேன். ஏழாம் மாடிக்காரர்கள் குறைந்த விலைக்கு வாங்கினார்கள். நான் தெரிந்தே செய்த தேர்வை ஏன் மறந்துவிட்டு வாக்களிக்க வேண்டும்?”

இதைவிட நல்ல மறுப்பை நான் கேட்டதில்லை. நோசிக் கூடைப்பந்து வீரர் வில்ட் சேம்பர்லினை வைத்து இதற்கு உறவான வாதம் ஒன்றைச் சொல்கிறார்: ஒரு மில்லியன் பேர் தாமாகவே ஆளுக்கு 25 காசு கொடுத்து அவர் ஆட்டத்தைப் பார்த்தால், அவரிடம் 250,000 டாலர் சேரும், இதில் யாருக்கு என்ன அநியாயம்? நியாயமாகத் தொடங்கி, நியாயமாகக் கைமாறியதைப் பறிப்பதுதான் அநியாயம் என்பார். ரொனால்ட் டுவோர்க்கின் 1981இல் இரண்டையும் பிரித்துப் பார்த்தார்: நாமே தேர்ந்து எடுத்த அபாயம் வேறு, நம்மேல் வந்து விழுந்த கெடுவாய்ப்பு வேறு. அப்படியானால் ஏழாம் மாடி எங்கள் தேர்வு. மாமியாரின் முழங்கால் யாருடைய தேர்வு? 35 வயதில் வீடு வாங்குகிறவர் 70 வயது மூட்டுகளைக் கணக்கில் எடுத்திருக்க வேண்டுமா? எடுத்திருந்தாலும் கையில் பணம் குறைவாக இருந்தால்?

என் தரப்பையும் சொல்லிவிடுகிறேன். கூடுதல் விலை கொடுத்து அண்ணன் வாங்கியது வாசலில் நிற்கும் மின்தூக்கியை. மற்ற மாடிகளில் அது நிற்கக் கூடாது என்ற உரிமையை அவர் வாங்கவில்லை. பொதுப்பணத்தில் மாற்றம் வரும்போது, மிகவும் அல்லல்படுகிறவரின் அல்லல் முதலில் எண்ணப்பட வேண்டும் என்றே நம்புகிறேன். ‘இயற்றலும் ஈட்டலுங் காத்தலுங் காத்த வகுத்தலும் வல்ல தரசு’ என்று வள்ளுவர் அடுக்கும் நான்கில் கடைசியாக வரும் வகுத்தல்தான் இருப்பதில் கடினமானது. ஆனால் அண்ணனின் ஓசையும் தூக்கமும் வகுத்தலில் சேர வேண்டியவை என்பதை அவர்தான் எனக்குக் கற்பித்தார். வாக்கெடுப்பு வென்றது. அவர் எதிர்த்தே வாக்களித்தார். இன்றும் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

ஆகவே எங்கள் மேசையில் ஒரு விதி: எதிர்த்தரப்பின் வாதத்தை, அவரே ‘ஆம், இதைத்தான் சொன்னேன்’ என்று ஒப்பும்படி முதலில் சொல்லிவிட்டுத்தான் மறுக்க வேண்டும்.

யாரைக் கேட்டார்கள்?

மாமியாரின் சக்கர நாற்காலியையும், அரிசி மூட்டையையும் அந்த இரண்டு மாடிகளில் நாள்தோறும் ஏற்றி இறக்கியவர் எங்கள் வீட்டு இந்தோனீசியப் பணிப்பெண். வாக்கெடுப்பில் அவருக்கு வாக்கு இல்லை. இதைத் தாதி சொல்லும்வரை, என் வீட்டுக்குள்ளேயே நடந்த இது என் கண்ணில் படவில்லை.

மக்களாட்சி என்றால் மக்களைக் கேட்பது. எந்த மக்களை? பாதிக்கப்படுகிற எல்லாரையுமா, உறுப்பினர்களை மட்டுமா? உறுப்பினர் யார் என்பதையே வாக்கெடுத்து முடிவு செய்ய முடியாது; அந்த வாக்கெடுப்பில் யார் வாக்களிப்பது என்ற கேள்வி முன்னே வந்து நிற்கும். இங்கே வெளிநாட்டு நூல்களைவிடச் சிலப்பதிகாரம் எனக்கு அதிகம் உதவியது. மதுரை அரண்மனை வாயிலில் நிற்கும் கண்ணகி அந்த நாட்டுக்காரி இல்லை. தன் ஊர் புகார் என்று பாண்டியனிடம் தானே சொல்கிறாள். அயல்நாட்டுப் பெண் கேட்கிறாள், அரசன் அழைத்துக் கேட்கிறான், சிலம்பு உடைகிறது, ‘யானோ அரசன் யானே கள்வன்’ என்று வீழ்கிறான். ஆட்சியில் பங்கு வேறு, முறையிடும் உரிமை வேறு என்று பிரித்துப் பார்க்க அந்தக் காட்சி கற்றுத்தருகிறது. முதலாவது குடிமக்களுக்கு மட்டும் என்று வாதிடலாம். இரண்டாவதை அப்படிச் சொல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை. இளங்கோவடிகளும் சொல்லமாட்டார் என்று நினைக்கிறேன்.

படிக்கும் வரிசை

பொது நூலகத்தில் 320 என்ற எண்ணில் தொடங்கும் அடுக்கைத் தேடுங்கள். முழு நூலாகப் படிக்க முயலாதீர்கள். பிளேட்டோவின் ‘கிரீட்டோ’ ஒரே மூச்சில் படித்துவிடக் கூடியது; அதிலிருந்து தொடங்குங்கள். பிறகு ஹியூமின் ‘Of the Original Contract’ கட்டுரை, ஹாப்ஸின் ‘Leviathan’ நூலில் 13ஆம் அத்தியாயம், மில்லின் ‘On Liberty’ நூலில் முதல் அத்தியாயம். ரால்ஸின் ‘A Theory of Justice’ தடிமனான நூல். அறியாமைத் திரை 24ஆம் பிரிவில் இருக்கிறது. அதைப் படித்த மறுநாளே நோசிக்கின் ‘Anarchy, State, and Utopia’ நூலில் 7ஆம் அத்தியாயத்தைத் திறங்கள். ஒருவரை மட்டும் படித்துவிட்டு ஒரு மாதம் விட்டால் அவரே சரி என்று மனம் படிந்துவிடும்.

தமிழ்ப் பக்கம் குறளின் இறைமாட்சி, செங்கோன்மை, கொடுங்கோன்மை அதிகாரங்கள். புறநானூற்றில் 184ஆம் பாடல். பாண்டியன் அறிவுடைநம்பிக்குப் பிசிராந்தையார் சொன்னது: விளைந்த நெல்லை அறுத்துக் கவளமாக்கிக் கொடுத்தால் சிறு நிலமும் யானைக்குப் பல நாள் வரும், யானையே வயலில் புகுந்தால் வாயில் போவதைவிடக் காலில் மிதிபடுவது அதிகம். வரியைப் பற்றி எந்த மொழியில் படிக்கும்போதும் இந்த யானை எனக்கு முன்னே வந்து நிற்கிறது.

ஆறு பேருக்கு மேல் சேர்க்காதீர்கள். ஒருவர் பேசாமலே வீடு திரும்பிவிடுவார். ஒரு காலைக்கு ஒரு கேள்வி போதும். முடிவு எட்டாவிட்டால் அதே கேள்வியை அடுத்த வாரமும் வையுங்கள்.

எங்களுடையது இப்போது மூன்றாவது வாரமாக ஓடுகிறது. புளோக்கின் 99 ஆண்டுக் குத்தகையில் ஏறக்குறைய பாதி முடிந்துவிட்டது. இன்னும் பிறக்காத ஒருவருக்கு நாம் எதையாவது விட்டுச்செல்லக் கடமைப்பட்டிருக்கிறோமா என்று மாணவர் கேட்டார். இடப்பக்கத்தை எழுதிவிட்டோம். வலப்பக்கத்தில் இதுவரை இரண்டு வரிகள் இருக்கின்றன. இரண்டையும் ஐந்தாம் மாடி அண்ணன் ஏற்கவில்லை.